செல்லையா கொடுத்தனுப்பின முறுக்கு

இல்ல தம்பி, அந்த நர்ஸுப் பொண்ணு ரெண்டாவதுதான். முதல்ல எனக்குத் துரோகம் பண்ணினவன் செல்லையா. வரிசை மாத்திச் சொல்லக்கூடாது. முதல்ல கழுத்தறுத்தவனை முதல்ல சொல்லணும். இல்லேன்னா அவன் பங்கும் பின்னால வந்தவ தலையில விழுந்துடும்.

அந்தத் தகரப் பொட்டியைக் காலுக்கடியில தள்ளிக்கங்க. ஆனா கொஞ்சம் இந்தப் பக்கமா சாஞ்சு உக்காருங்க, முன்னால மறைக்குது. ஒண்ணுமில்ல, சும்மா பார்த்துக்கிட்டு வர்றதுதான். கப்பல் பேப்பருக்கு எம்பசிக்குன்னுதானே சொன்னீங்க? இந்த வண்டி போற வேகத்துக்கு மெர்ச்சன்ட் தெரு போறதுக்குள்ள முழுசும் கேட்டுடலாம். கேட்டாத்தான் மதராசுல அவளைப் பார்த்தா என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும். பெரிய ஊருதான், ஒத்துக்கறேன். ஆனா நர்ஸுங்க ஆஸ்பத்திரியிலதான் இருப்பாங்க, வேற எங்க போயிடுவாங்க.

செல்லையா பசுந்தாங் பேட்டையில எங்க சந்துமுனையில பலசரக்குக் கடை வச்சிருந்தவன். மாடியில எனக்கு அடுத்த அறை. நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான், அவன் இருமினா எனக்குத் தூக்கம் போயிடும். நான் ஓடைக்கரை அரிசி மில்லுல மூட்டை தூக்கினவன். இடுப்பு போனப்புறம் கிழிஞ்ச கோணி தைக்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்து கேட்டா கட்டைவிரலைத்தான் காட்டுவேன். ஆனா யாரு எனக்கு என்ன பண்ணினாங்கங்கறது மட்டும் எழுதாமலே உள்ள நிக்கும்.

அவன் எப்பேர்ப்பட்டவன்னு கேளுங்க. எடைத்தட்டுக்கு அடியில புளி ஒட்டி வச்சிருந்தவன். பக்கத்து அறைக்காரன்னாலும் எனக்கும் அதே தட்டுதான். கேட்டா, ராமையாண்ணே, வியாபாரத்துல ஒறவு பார்க்கக்கூடாதும்பான். சொல்லும்போது பல்லெல்லாம் தெரியும்.

அவனுக்கு ஒரு தங்கச்சி, ஜெயம்மா. புருஷன் செத்தப்புறம் அண்ணனோட வந்து இருந்தா. கடையில பாதி வியாபாரம் அவளாலதான் நடந்துச்சு. அவ வாய் அப்படி. பேரம் பேச வந்த பர்மாக்காரிங்க அவளோட பர்மா பாஷையைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே சொன்ன விலையைக் கொடுத்துட்டுப் போவாங்க. என்னையும் விடமாட்டா. நான் மாடிப்படி இறங்கினா, கோணி வருது, ஒதுங்குங்கம்பா.

அப்புறம் என்னமோ ஆச்சு. எதனாலன்னு யாருக்குத் தெரியும். அரிசி மூட்டைக்குள்ள யாரோ அழறாங்கன்னு சொன்னா. சொல்லிக்கிட்டே இருந்தவ ஒருநாள் மூட்டையை அவிழ்த்துத் தெருவுல கொட்டிட்டா. முனீஸ்வரனுக்கு நேர்ந்தாங்க, கயிறு கட்டினாங்க, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க. ரெண்டாவது மூட்டையையும் கொட்டினா. செல்லையா அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டான். அதைத் தப்புன்னு நான் சொல்லல. வியாபாரி, அரிசி தெருவுக்குப் போனா வேற என்ன பண்ணுவான்.

அதுக்கப்புறம் கடைங்களை சர்க்கார்ல எடுத்துக்கிட்டாங்களே, உங்களுக்குத்தான் தெரியுமே, உங்களுதும் போயிருக்கும். நல்லா இருந்த செல்லையா கடை நம்பர் போட்ட போர்டு மாட்டின கடை ஆயிடுச்சு. உள்ள ஒரு பர்மாக்காரப் பையன் உக்கார்ந்தான், வெளியில வரிசை நின்னுச்சு. செல்லையா கொஞ்ச நாள் எதிர்த்தாப்புல நின்னு வரிசையைப் பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் ஒரு காலையில அறைச் சாவியை என் கையில கொடுத்தான். ராமையாண்ணே, சந்தை வரைக்கும் போறேன், சாயங்காலம் வந்துடறேன்னான். சாயங்காலம் அவன் கப்பல்ல இருந்தான்.

அது போகட்டும். போறவனை யாரு பிடிச்சு வைக்க முடியும். துரோகம் அது இல்ல தம்பி. போறதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். ஜெயம்மாவுக்கு இனிமே சொந்தம் யாருன்னு கேட்டிருக்காங்க. பெரியப்பா மகன் ராமையா இருக்காரு, பசுந்தாங் பேட்டையில, நான் இல்லேன்னா அவர் பார்த்துக்குவாருன்னு சொல்லி எழுத வச்சிட்டுக் கப்பல் ஏறிட்டான். நான் யாருக்குய்யா பெரியப்பா மகன்? அவன் ஜாதி வேற, என் ஜாதி வேற. அவங்க வீட்டுக் கல்யாணத்துல எனக்குப் பந்தியில இடம் போட்டுக்கூட இருக்கமாட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கல. சாவியைக் கொடுக்கும்போதாவது சொல்லியிருக்கலாமில்ல?

அந்த நர்ஸுப் பொண்ணு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கோணி தைச்சுக்கிட்டிருந்தேன். வாசல்ல வந்து நின்னு, ஜெயம்மாவோட அண்ணன் ராமையா ஐயா வீடு இதுதானான்னு கேட்டா. அண்ணன் இல்ல, ராமையா நான்தான்னேன். பேரு ஜூடித். கிறிஸ்தவப் பொண்ணு. பாளையங்கோட்டைப் பக்கம் பொறந்து, அங்கயே படிச்சு, வயசு வந்தப்புறம் இங்க அப்பாகிட்ட வந்தவ. தேவநேசன்னு அவங்க அப்பா ஒரு கம்பெனியில கிளார்க்கு. நர்ஸுப் படிப்பைப் பெரிய ஆஸ்பத்திரியில முடிச்சிருக்கா. முடிச்ச கையோட முதல் வேலை பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. கூடப் படிச்சவங்கள்ல ஆள் தெரிஞ்சவங்கள்லாம் வேற இடத்துக்கு மாத்திக்கிட்டாங்களாம். இவளுக்கு யாரைத் தெரியும். பர்மா பாஷையே தத்தித் தத்தித்தான் வரும். அந்த வார்டுல எல்லாரும் பர்மா பாஷையிலதான் கத்துவாங்க, அதே பாஷையிலதான் அழுவாங்க. இவ பாதி புரியாம இடுப்புல சாவிக்கொத்தைக் கட்டிக்கிட்டு நடுவுல நிக்கணும்.

ஜெயம்மா விஷயத்தைச் சொல்றேன் கேளுங்க. அங்க போனதுலேருந்து அவ வாயைத் திறக்கலையாம். ஒரு வார்த்தை இல்ல. டாக்டர் பேசிப் பார்த்தாரு. பெரிய நர்ஸம்மா டோ டின் மே பேசிப் பார்த்தாங்க. தலையில கரண்டு வச்சுப் பார்த்தாங்க. இவ ஊமைன்னே முடிவு பண்ணிட்டாங்க. சந்தையையே வாங்கி வித்த வாய் தம்பி அது, ஊமையாம். ஜூடித் வேலைக்குப் போன புதுசுல சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு, எல்லார்கிட்டயும் கேட்கற மாதிரி இவகிட்டயும் போதுமாக்கான்னு கேட்டிருக்கா, தமிழ்ல. ஜெயம்மா நிமிர்ந்து பார்த்துட்டு, சோத்துல உப்பில்ல பிள்ளேன்னாளாம்.

பக்கத்துல இருந்த ஆயா கையில இருந்ததைக் கீழ போட்டுட்டாளாம். டாக்டரே வந்து பார்த்தாராம். இந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலையாம், சந்தோஷத்துல. படிச்சு முடிச்சு வந்து இதுதான் முதல் காரியம் ஐயா, என்னாலயும் ஒருத்தருக்கு ஆச்சுன்னு என்கிட்ட சொன்னா. நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டே, அதுக்கு நான் என்ன பண்ணணும்னேன்.

அங்கதான் அவ தப்புப் பண்ணினா. பேச ஆரம்பிச்ச ஜெயம்மா ரெண்டாவது கேட்டது, என் அண்ணன் எப்ப வருவான்னு. அண்ணன் கப்பல் ஏறிட்டான்னு வார்டுல எல்லாருக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். பெரிய நர்ஸம்மா வந்த அன்னிக்கே இவகிட்ட சொல்லியிருக்காங்களாம், இங்க யாருக்கும் எதையும் வரும்னு சொல்லாத, வராட்டி நீதான் அந்தக் கட்டில் பக்கத்துல நிக்கணும்னு. இவ புதுசு. ஜெயம்மா கையில சோத்து உருண்டையை வச்சுக்கிட்டு வாய்க்குக் கொண்டு போகாம பார்த்துக்கிட்டே இருந்தாளாம். வருவாரு அக்கா, சாப்பிடுங்கன்னுட்டா.

பெரிய வார்த்தையாத் தெரியல இல்ல? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

சொன்ன பிற்பாடு பார்வையாளர் நாள் ஒவ்வொண்ணும் ஜெயம்மா தலையை வாரிக்கிட்டு வாசல் பக்கமா உக்கார ஆரம்பிச்சுட்டா. அங்க ஞாயித்துக்கிழமைதான் பார்க்க விடுவாங்க. யாரும் வராம சாயங்காலம் ஆனா சோறு வேண்டாம்பாளாம். அதனாலதான் இந்தப் பொண்ணு என் பேரைப் பார்த்துட்டு லீவு நாள்ல பசுந்தாங் வரைக்கும் தேடிக்கிட்டு வந்திருக்கா. நான் சொன்னேன், இது பொய்ம்மா, நான் அவளுக்கு ஒண்ணும் ஆகமாட்டேன், அவ அண்ணன் புளி ஒட்டினவன், இதுலயும் ஒட்டிட்டுப் போயிட்டான்னேன். தெரியும்யா, டோ டின் மேயும் அப்படித்தான் இருக்கும்னாங்க. இருந்தாலும் ஒரே ஒரு தடவை வாங்கன்னா.

போனேன். ஏன் போனேன்னா கேட்கறீங்க? செல்லையாவைப் பத்தி ஜெயம்மாகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிட்டு வந்துடலாம்னுதான் போனேன். சத்தியமா.

கண்டக்டர் என்னைப் பார்க்கிறானா? பார்க்கட்டும். சீட்டு வாங்கியாச்சு.

போனா, அவ என்னைப் பார்த்ததும் கேட்டது என்ன தெரியுமா? நீ இன்னும் சாகலியா, கோணித்தூசி தின்னே செத்திருப்பேன்னு நினைச்சேன்னா. ஆளு பாதியா இருந்தா. முடியை ஒட்ட வெட்டிட்டாங்க. ஆனா வாய் அதே வாய். அப்புறம் கேட்டா, என் அண்ணன் எங்க? ஜூடித் அவளுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருக்கா. சாவிக்கொத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா, சத்தம் வராம இருக்க. அவ முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. கடையில ஆள் இல்ல ஜெயம்மா, விட்டுட்டு வர முடியல, முறுக்கு கொடுத்தனுப்பினான்னேன். பஸ்ஸுல கடிக்கலாம்னு நான் எனக்கு வாங்கி வச்சிருந்த முறுக்கு தம்பி அது.

அன்னிக்குப் பிடிச்சது சனி. அடுத்த ஞாயிறும் போக வேண்டியதாச்சு, அதுக்கு அடுத்ததும். கீழ்வீட்டுல பவுனம்மாள்னு ஒரு அம்மா பலகாரம் போட்டு விக்கும். அதுகிட்ட முறுக்கு வாங்கிக்கிட்டு, செல்லையா கொடுத்தனுப்பினான்னு கொண்டுபோவேன். முதல்ல பெரிய பொட்டலமா வாங்கிட்டேன். ஜெயம்மா கையில வச்சு எடை பார்க்கிறா. என் அண்ணன் இவ்வளவு அனுப்பமாட்டானேங்கிறா. அடுத்த வாரம் பாதியா கொண்டுபோனேன். அதுலயும் ரெண்டு உடைஞ்சது. அப்பத்தான், ம், இது அவன் கைதான்னு சொல்லிட்டுத் தின்னா.

என் வயித்தெரிச்சலை யோசிச்சுப் பாருங்க. எவன் எனக்குத் துரோகம் பண்ணினானோ அவனை வாரா வாரம் நான் நல்லவனாக்கணும். செல்லையா உன்னைக் கேட்டான். செல்லையா அறைக்கு வெள்ளையடிச்சிருக்கான். செல்லையா குடியை விட்டுட்டான். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு கசக்கும். அவ விடமாட்டா, துருவித் துருவிக் கேட்பா. கடையில அந்த உடைஞ்ச பெஞ்சை மாத்திட்டானான்னு கேட்டா, மாத்திட்டான்னேன். என்ன மரம்னா. நான் என்னத்தைக் கண்டேன், தேக்குன்னேன். தேக்கா, அவனான்னு கேட்டா. சிரிச்சா. அங்க போனதுலேருந்து அவ சிரிச்சது அன்னிக்குத்தானாம். ஜூடித் சொன்னா.

கடைசியில எனக்கு ரெண்டு செல்லையா ஆயிட்டான். ஒருத்தன் ஓடிப்போனவன். இன்னொருத்தன் தங்கச்சிக்காக உருகறவன். சில நாள் கோணி தைக்கும்போது அந்த ரெண்டாவது ஆளு இந்த வாரம் என்ன செஞ்சிருப்பான்னு நான் யோசிச்சுக்கிட்டிருப்பேன். சீன்னு துப்பிட்டு மறுபடியும் யோசிப்பேன்.

பார்த்துட்டு வரும்போது அந்தப் பொண்ணு வாசல் கேட்டு வரைக்கும் கூட வரும். அங்க ஒரு மரத்தடி பெஞ்சு உண்டு. பஸ் வர்ற வரைக்கும் அவ படற பாட்டைச் சொல்லும். எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னேன். வேற யாருகிட்டய்யா தமிழ்ல சொல்றதுன்னா. வீட்டுல சொன்னா வேலையை விடச் சொல்லுவாங்களாம். படிக்கும்போது ஊசி போட, கட்டுக் கட்ட, பிரசவம் பார்க்க எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்களாம். இங்க அதுல ஒண்ணுக்கும் வேலை இல்ல. காலையில ஆளை எண்ணணும், கரண்டியை எண்ணணும், கத்திரியை எண்ணணும். கரண்டு வைக்கும்போது தாடையைப் பிடிச்சுக்கணும். முதல் தடவை பிடிச்சுட்டு வெளியில போய் வாந்தி எடுத்தாளாம். ரெண்டாவது தடவை எடுக்கலையாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதா. வாந்தி எடுக்காததுக்கு.

ஒருநாள் கையில கட்டோட வந்தா. ஒருத்தி கடிச்சுட்டா. இவ வலி பொறுக்காம அந்தப் பொம்பளையை அறைஞ்சுட்டாளாம். அறைஞ்சதை யாரும் பெரிசா எடுத்துக்கலையாம், அங்க அது சகஜமாம். நல்லவேளை யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னேன். அதுதான்யா பயமா இருக்குன்னா. இன்னொரு வருஷம் இங்க இருந்தா நான் எப்படி ஆயிடுவேன்னு கேட்டா. நான் கூலிக்காரன், நான் என்ன சொல்ல. மில்லுல சேர்ந்த புதுசுல மூட்டை தோலை உரிக்கும், அப்புறம் தோல் மரத்துடும், மரத்தாத்தான் தூக்க முடியும்னேன். மரத்த தோலை வச்சுக்கிட்டு இங்க ஒண்ணும் பண்ண முடியாதேய்யான்னுட்டு உள்ள போயிட்டா.

அந்த வருஷம் முழுக்க அவளுக்குன்னு நிமிர்ந்து வந்தது ஜெயம்மா ஒருத்திதான். மத்தவங்கள்லாம் வந்தபடியே இருந்தாங்க, இல்லேன்னா இன்னும் கீழ போனாங்க. ஜெயம்மா துணி துவைக்க வந்தா. அப்புறம் சமையல்கட்டுல காய் நறுக்க விட்டாங்க. அப்புறம் பர்மாக்கார நோயாளிங்களோட அவங்க பாஷையிலயே சண்டை போட ஆரம்பிச்சா. அதைக் கேட்டு டோ டின் மேவே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களாம். பெரிய டாக்டர் பார்த்துட்டு, இவளை வீட்டுக்கு அனுப்பலாம், சொந்தக்காரங்க வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்னுட்டாரு.

ஜூடித் ஓடி வந்தா பாருங்க மாடிப்படியில. ஞாயிறு வர்ற வரைக்கும் பொறுக்கல. மூச்சு வாங்குது. ஐயா, அனுப்பறாங்க, அனுப்பறாங்கங்கிறா. எங்க அனுப்பறாங்கன்னேன். இங்கதான்னா.

நான் முடியாதுன்னுட்டேன். ஒத்தை ஆம்பளை, ஒத்தை அறை. செல்லையா இருந்த அறைக்கு வேற குடித்தனம் வந்தாச்சு. சந்துல நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். என்னைப் பெரியப்பா மகன்னு எழுதினவன் கையை வெட்டணும்னு கத்தினேன். சத்தம் கேட்டு பவுனம்மாள் மேல வந்துச்சு. என்ன ஏதுன்னு கேட்டுட்டு, என் அறையில படுத்துக்கட்டும், கைக்கு ஆளில்லாமத்தான் இருக்கேன், மாவாட்டட்டும்னுச்சு. ரொம்ப சாதாரணமாச் சொல்லுச்சு. நான் அதுக்கப்புறம் என்னத்தைக் கத்தறது. நல்லவங்க ஒருத்தங்க நடுவுல வந்தா நம்ம கோபத்துக்கு மரியாதை இல்லாமப் போயிடுது.

அப்புறம்தான் கேட்டேன். சரிம்மா, வந்து எறங்கினதும் அண்ணன் எங்கன்னு கேட்பாளே, அப்ப யாரு சொல்றது? தேக்கு பெஞ்சு எங்கன்னு கேட்பாளே?

அந்தப் பொண்ணு அப்படியே படியில உக்கார்ந்துட்டா. அப்புறம் நிமிர்ந்து சொன்னா, நான் சொல்றேன்யான்னு. வருவாருன்னு சொன்னவ நான். நீங்க சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது. அதை உங்க தலையில கட்டமாட்டேன். கூட்டிக்கிட்டு வர்ற அன்னிக்கு நானும் வரேன், அதுக்கு முன்னாலயே பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லிடறேன்னா. வாக்கு கொடுத்தா. நான் கேட்கல, அவளாத்தான் கொடுத்தா. பவுனம்மாள் சாட்சி.

ஆனா அவங்க அப்பன் வேலை பார்த்த கம்பெனியையும் சர்க்கார்ல எடுத்துட்டாங்க இல்லையா. அவரு குடும்பத்தோட கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்காரு, இவகிட்ட நல்லாச் சொல்லக்கூட இல்லையாம். இடம் இருக்குன்னு திடீர்னு ஆள் வந்துடுச்சு. அவளும்தான் என்ன பண்ணுவா, கல்யாணமாகாத பொண்ணு, தனியா இங்க நிக்க முடியுமா. எல்லாம் எனக்குப் புரியும். என்கிட்ட வந்து சொன்னா. மாடிக்குக்கூட வரல, கீழ படியிலயே நின்னா. நான் கோணியைக் கீழ வைக்கல. ஜெயம்மாகிட்ட சொல்லிட்டியான்னு அதை மட்டும்தான் கேட்டேன். இப்ப அங்கதான்யா போறேன், சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறுவேன்னா. சரி போன்னேன். போயிட்டுவான்னு சொல்லல. அவ படியை விட்டு இறங்கிப் போயிட்டா.

சொன்னாளான்னு கேட்கறீங்க.

இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன் தம்பி. ஜெயம்மாவை ஜம்முனு ரெடி பண்ணி வச்சிருந்தாங்க. ஆயா அவளுக்குக் கன்னத்துல தனக்கா மரத்தை அரைச்சுப் பூசி விட்டிருந்தா. பவுனம்மாள் கொடுத்தனுப்பின பச்சைச் சேலையைக் கட்டிக்கிட்டு, துணிமூட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. டோ டின் மே கேட்டு வரைக்கும் வந்து, பார்த்துக்கோ ஊ ராமையான்னு அவங்க வழக்கப்படி மரியாதையாச் சொன்னாங்க. வெளியில வந்ததும் ஜெயம்மா கேட்ட முதல் வார்த்தை, அண்ணன் சோறாக்கி வச்சிருப்பானா, இல்ல நான் போய்த்தான் அடுப்பு மூட்டணுமான்னு.

கேட்டுப் பக்கத்துலயே நின்னுட்டேன்.

ஜூடித் வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சு, தலையை வாரி விட்டுச்சு, ரொம்ப நேரம் வாரிக்கிட்டே இருந்துச்சு, அழுதுச்சு, ஏன் பிள்ளே அழுவுறேன்னு கேட்டேன், கண்ணுல தூசின்னுச்சுன்னா. வேற ஒண்ணும் சொல்லலையான்னேன். சாப்பாட்டைச் சரியாச் சாப்பிடுங்கக்கான்னு சொல்லுச்சு, வேற என்ன சொல்லணும்னா.

அவ்வளவுதான்.

பஸ்ஸுல சொல்லிடலாம்னு நினைச்சேன். அவ பொம்பளைங்க பக்கமா முன்னால உக்காந்துட்டா, நான் பின்னால. அதோ, ரெண்டாவது பெஞ்சுல ஜன்னல் ஓரமா, பச்சைச் சேலை. ஆமா. அவதான்.

நீங்க ஏறினீங்களே, அந்த ஸ்டாப்புதான் எங்களுது. இறங்கறதுக்கு நான் எழுந்து நின்னுட்டேன். அவளும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு எழுந்தா. வண்டி நிக்கிற இடத்துலேருந்து எங்க சந்துமுனை நேராத் தெரியும். கடை தெரியும். நம்பர் போர்டு தெரியும், வரிசை தெரியும், உள்ள உக்காந்திருக்கிற பையன் தெரிவான். பார்த்தா. நல்லாப் பார்த்தா. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உக்காந்துட்டா. நானும் உக்காந்துட்டேன். அந்த நேரத்துலதான் நீங்க பொட்டியோட ஏறினீங்க.

கண்டக்டர் அவகிட்டப் போய், எங்க எறங்கணும்னு பர்மா பாஷையில கேட்டான். பதில் இல்ல. நான் எழுந்து போய்த் தமிழ்ல கேட்டேன். பதில் இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கோணி வந்திருக்கேன்னுகூடச் சொன்னேன். ஜன்னலைத்தான் பார்க்கிறா. அதுக்கப்புறம்தான் வந்து உங்க பக்கத்துல உக்காந்து, மதராசுக்கா போறீங்கன்னு கேட்டேன்.

திரும்பக் கொண்டுபோய் விடலாம். விட்டா, ஊமைன்னு எழுதிக்குவாங்க. அவகிட்ட சோறு போதுமான்னு கேட்க அங்க இப்ப யாரு இருக்கா? பவுனம்மாள் வேற உலையை வச்சுட்டு வாசல்ல நிக்கும்.

மெர்ச்சன்ட் தெரு வந்துடுச்சு பாருங்க. பொட்டியை எடுத்துக்கங்க. பேரு ஜூடித், தேவநேசன் மக, கையில பல்லுத் தழும்பு இருக்கும். பார்த்தீங்கன்னா நலம் விசாரிக்க வேண்டாம். வந்து சொல்றேன்னு வாக்கு கொடுத்தது இன்னும் நிக்குது, அதுலேருந்து ராமையா அவளை விட்டுடலன்னு மட்டும் சொல்லுங்க.

நாங்களா? வண்டி எங்க போய் நிக்குதோ, அது வரைக்கும் போறோம்.